கடிதம் வந்த பிறகு, விமானம் ஏறும் முன்

இவ்வாண்டு மலருக்கு மேற்படிப்பு வாய்ப்புகளைப் பற்றி எழுதித் தருமாறு செயலவையினர் கேட்டிருந்தனர். எங்கே விண்ணப்பிப்பது, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித் தர இன்று பலர் இருக்கின்றனர். ஆனால், 'உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்ற கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் போய் உட்காரும் நாள் வரை உள்ள ஐந்தாறு மாதங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நான் செய்த பிழைகளையும் தப்பிய பிழைகளையும் இங்கு எழுதுகிறேன். நான் வேதியியலில் முனைவர் பட்டம் பயில அமெரிக்கா சென்றவள். ஆகவே என் அனுபவம் அந்நாட்டைச் சார்ந்தது.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் முதல் கடிதம் வந்தது. பெயர் பெற்ற பல்கலைக்கழகம். நான் படிக்க விரும்பிய துறையில் பெரும்பெயர் எடுத்த பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். கல்விக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு என்று எழுதியிருந்தார்கள். அன்றிரவே 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று பதில் எழுதிவிட்டுப் படுக்கலாம் என்றிருந்தேன். தடுத்தவர் அப்பா. கோல சிலாங்கூரில் லோரி ஓட்டுநராக இருந்த அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

"ஏம்மா, படிக்கப் போற புள்ளைக்கு அவங்க எதுக்குச் சம்பளம் குடுக்கணும்? நல்லா பார்த்தியா? அந்தக் கடுதாசியை எனக்குப் படிச்சுச் சொல்லு" என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறினேன். 'ஐம்பது விழுக்காட்டு நியமனம்' என்று இருந்தது. பாதிச் சம்பளம்தான் கொடுப்பார்களோ? எனக்கே தெரியவில்லை. அடுத்து, 'ஒன்பது மாதக் கல்வியாண்டுக்கு' என்று ஒரு தொடர். "மீதி மூணு மாசம்?" என்று அப்பா கேட்டார். ஆங்கிலத்தில் படித்தபோது கண் அந்தத் தொடரைத் தாண்டிப் போயிருந்தது. அப்பாவுக்குத் தமிழில் சொல்லும்போது தாண்ட முடியவில்லை. அன்றிரவு ஒரு தாளில் ஏழு கேள்விகள் சேர்ந்தன. என்னால் தமிழில் சொல்ல முடியாத இடங்கள்தாம் அந்த ஏழும்.

அவற்றுள் சிலவற்றின் விடையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது விழுக்காட்டு நியமனம் என்றால் வாரத்துக்கு 20 மணி நேர வேலை. பயிற்று உதவியாளராக இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கூட வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது விடைத்தாள் திருத்த வேண்டும். கடிதத்தில் போட்டிருந்த தொகை அந்த 20 மணி நேரத்துக்கு உரியது; அதில் மேலும் பாதியைக் குறைக்க மாட்டார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் உள்ளவர் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரையில்தான் வேலை செய்யலாம். எனவே, வேறு பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

கல்விக் கட்டணத் தள்ளுபடி வேறு, இதரக் கட்டணம் வேறு. மாணவர் நலம், தொழில்நுட்பம், பேருந்து என்று ஒவ்வொரு தவணையும் ஒரு தொகையை நம் தலையில் கட்டும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் காப்புறுதி இல்லாமல் நோய்வாய்ப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு வரும் கோடைக்காலத்தில் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து சம்பளம் வரும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. கடந்த கோடையில் உங்கள் துறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று நேரடியாகவே கேளுங்கள். நான் கேட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கேட்டால் வாய்ப்பைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் நம் பிள்ளைகளிடம் அதிகம். உண்மையில் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும் அந்தச் சில வாரங்கள்தாம் நம் கை ஓங்கியிருக்கும் காலம். அதற்கு முன்பு நாம் விண்ணப்பதாரர், அதற்குப் பின்பு அங்கே மாணவர். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் என்ற அமெரிக்க அமைப்பின் தீர்மானம் ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய வாய்ப்புக்கு ஏப்ரல் 15ஆம் தேதிக்கு முன்பே பதில் சொல்லும்படி மாணவரை வற்புறுத்தக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்தத் தேதி வரை யோசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்த உரிமைதான் என்னைக் காப்பாற்றியது. மார்ச் மாதத்தில், மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அவ்வளவு பெயரில்லாத இடம்; மனம் முதல் இடத்திலேயே நின்றது. இருந்தாலும் அந்தப் பெரும்பெயர்ப் பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் இருந்த மாணவர்கள் மூவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருவர் பதில் எழுதவில்லை. மூன்றாமவர் எழுத்தில் எதுவும் சொல்லாமல், ஸ்கைப்பில் பேசலாமா என்று கேட்டார். பேசியபோதுதான் தெரிந்தது: பேராசிரியர் மறு ஆண்டே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லவிருக்கிறார், இருவரை மட்டுமே உடன் அழைத்துப் போகிறார். நான் போய்ச் சேரும்போது அந்த ஆய்வுக்கூடம் பெட்டிகளில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்! பிறகு பேராசிரியரிடமே பணிவாகக் கேட்டேன். அறிவிக்கும் நிலையில் தாம் இல்லை என்றும், வேறு வாய்ப்பிருந்தால் அதை நன்கு பரிசீலிக்கும்படியும் பதில் எழுதினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கேட்காமலிருந்திருந்தால் என் மீதுதான் வருத்தப்பட்டிருப்பேன்.

ஆகவே, ஒரே ஒருவரை நம்பி எந்தத் துறைக்கும் போகாதீர்கள். அவர் இல்லாவிட்டால் வேறு யாரிடம் ஆய்வு செய்வேன் என்ற கேள்விக்கு இரண்டு பெயராவது கையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்த இடத்துக்கும் உடனே எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இன்னொருவர் தூங்காமல் இருப்பார்.

ஏற்றுக்கொண்டு பதில் எழுதிய பிறகு வருவது தாள்களின் காலம். இதில் நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: பெயர். தேன்மொழி ஏ/பி மாணிக்கம் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். நம் கடப்பிதழில் முழுப் பெயரும் ஒரே தொடராக இருக்கும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற பிரிவு கிடையாது. அமெரிக்கப் படிவமோ இரண்டையும் தனித்தனியே கேட்கும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்தபோது நான் 'ஏ/பி'யை விட்டுவிட்டேன், சாய்கோட்டை அந்தக் கணினி ஏற்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் 'ஏ/பி' இருந்தது. விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தேன். விளைவு, மூன்று தாளும் மூன்று பெண்களுடையவை என்று அங்குள்ள கணினி முடிவு செய்துவிட்டது. அனுப்பிய மதிப்பெண் பட்டியல் 'வந்து சேரவில்லை' என்றே ஐந்து வாரம் காட்டிக்கொண்டிருந்தது. 'ஏ/பி என்பது பெயரன்று, இன்னாரின் மகள் என்று பொருள்' என்று விளக்கி, கடப்பிதழின் படியோடு அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்கு எழுதிய பிறகுதான் மூவரும் ஒருத்தியானோம்.

நீங்கள் இதை ஐ-20 படிவம் வெளிவரும் முன்பே செய்துவிடுங்கள். விசாவுக்கு அடிப்படையே அந்தப் படிவம்தான். அதிலுள்ள பெயர், கடப்பிதழின் அடிப்பகுதியில் இயந்திரம் படிக்கும் வரிகளை ஒட்டி இருக்க வேண்டும். முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விசாவில் அச்சாகி வந்தால் பதற வேண்டாம். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. சில மாதங்களுக்கு வங்கியிலும் ஆய்வுக்கூடத்திலும் 'எஃப்னு' என்று உங்களைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பட்டச் சான்றிதழ். அங்கே ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும். நம் நாட்டில் பட்டமளிப்பு விழா பல வேளைகளில் அதற்குப் பின்புதான் வரும். 'இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டம் பெற்றதற்கான சான்றும் தேவை' என்ற நிபந்தனையோடு கடிதம் வந்தால், செனட் உங்கள் தேர்ச்சியை உறுதி செய்தவுடன் படிப்பு முடிந்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள். அதை ஏற்பார்களா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலை உறையிட்டு முத்திரையோடு பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். நாம் பிரித்த உறை செல்லாது. கூடுதலாக இரண்டு உறைகள் வாங்கி வைப்பது நல்லது. என் பட்டமளிப்பு விழாவுக்கு நான் இல்லை. அங்கி அணிந்த படம் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அம்மா ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் இன்றும் நாள்காட்டிதான் தொங்குகிறது.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவிஸ் கட்டணம் 2019 முதல் 350 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். இரண்டும் தனித்தனி, இரண்டும் திரும்ப வராது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் மேலும் 250 டாலர் கட்டணம் ஒன்றுக்கு வழிவகுத்துள்ளது. எனவே, கட்டும் நாளில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். டிஎஸ்-160 படிவத்தை நிரப்பி, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் வாங்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 மே 27 அன்று மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகப் பதிவுகளை அமெரிக்க அரசு உலகம் முழுவதும் நிறுத்தியது. ஜூன் 18 அன்று மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற புதிய விதியும் சேர்ந்துகொண்டது. ஏப்ரலிலேயே முடித்தவர்களுக்கு அந்த மூன்று வாரப் பதற்றம் இல்லை. நேர்முகத்தில் படிப்பு முடிந்ததும் திரும்புவீர்களா என்பதே அதிகாரியின் உள்ளத்தில் உள்ள கேள்வி. என்ன ஆய்வு, யார் பணம் தருகிறார்கள், பிறகு என்ன செய்வீர்கள் என்பவற்றை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். மனப்பாடம் செய்தது போல் இருக்கக் கூடாது.

தடுப்பூசிப் பதிவுக்கு அம்மா பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்த குழந்தைக்காலச் சுகாதாரப் புத்தகம் உதவியது. காசநோய்ச் சோதனையில் மட்டும் கவனம் தேவை. பிறந்தவுடன் நமக்கு பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பதால், தோலில் செய்யும் சோதனை நோய் இல்லாமலே இருப்பதாகக் காட்டக்கூடும். இரத்தச் சோதனையை ஏற்பார்களா என்று கேட்டு, அதையே செய்துகொள்ளுங்கள்.

பிடிபிடிஎன் கடன் உள்ளவர்கள், மேற்படிப்பைக் காரணம் காட்டித் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். புறப்படும் முன்பே செய்துவிடுங்கள். நான் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நினைவூட்டுக் கடிதங்கள் வீட்டுக்கு வந்தன. மகள் கடன் வைத்துவிட்டு ஓடிப்போனாள் என்று எவராவது சொல்வார்களோ என்று அப்பா அவற்றை அம்மாவிடம்கூடக் காட்டாமல் லோரிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அதை அறிந்தபோது ஏற்பட்ட வலி பெரிது.

கடைசியாகக் கைப்பணம். உதவித்தொகை வரும், ஆனால் முதல் சம்பளம் வேலை தொடங்கி ஒரு மாதம் போலக் கழித்தே வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, குளிராடை, சட்டி பானை எல்லாம் வாங்கியாக வேண்டும். 'முழு நிதியுதவி' என்ற சொல்லை நம்பி மாமாவிடம் கடன் கேட்க வெட்கப்பட்டேன். புறப்படும் வாரத்தில் கேட்டேன். அவர் அவசரமாகச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஏப்ரலில் கேட்டிருந்தால் அவருக்கும் எளிதாக இருந்திருக்கும். ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் அந்நாட்டுக்குள் நுழையலாம் என்பதால், விமானச் சீட்டை மலிவு விலை கண்டு முந்திக்கொண்டு வாங்கிவிடாதீர்கள்.

இவ்வாண்டு கடிதம் கிடைத்தவர்கள் பேரவைச் செயலவை வழியாக எனக்கு எழுதலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்து என்னால் இயன்றதைச் சொல்கிறேன். வருமுன் அதை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.