அந்தத் தொள்ளாயிரம் ஏக்கர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறேன். வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி அஞ்சு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற அண்ணன் பையன் அதைக் கூகுள் டாக்ஸில் போட்டு, லிங்கை எங்க வாட்ஸ்அப் குரூப்பில் விட்டான். ரிட்டையர் ஆன தமிழய்யா ஒருத்தர் பிழை பார்த்தார். நடுவில் டிடிபி கடையிலும் ஒருக்கா கொடுத்து அடித்தோம். கொடிவேரி அணையிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை ரெண்டு வாய்க்காலுக்கும் சேர்த்து ஆயக்கட்டு 24,504 ஏக்கர். நாங்க எழுதினது அதுதான். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கிப் படித்த அதிகாரி, "இதென்னங்க 25,404? தொள்ளாயிரம் ஏக்கர் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போ எங்களுக்குள்ளேயே மனஸ்தாபம். வேணும்னே யாரோ மாத்திட்டாங்க என்கிறார் ஒருத்தர். மாத்தினது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமுங்களா? இனிமேல் இப்படி ஆகாம இருக்க என்ன செய்யோணும்?

(பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வேணுமென்று யாரும் மாற்றவில்லை என்றே நினைக்கிறேன். அதற்குச் சாட்சி அந்தத் தொள்ளாயிரமே. 24,504, 25,404 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாலும் அஞ்சும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பேரேட்டில் வரவு செலவு இடிக்கும்போது, இடிக்கிற தொகையை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ விரல் முந்தியிருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். உங்கள் 900 ஒன்பதால் வகுபடுகிறது. ஆயக்கட்டைக் கூட்டிக் காட்ட நினைக்கிறவர் 25,000 என்று போடுவாரே தவிர, இப்படி நாலையும் அஞ்சையும் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

சரி, விரல் யாருடையது? அதைவிட எப்போது மாறியது என்று முதலில் தேடுங்கள். அண்ணன் மகனைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபைல் மெனுவுக்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கும். அதைத் திறந்தால் வலது பக்கம் தேதியும் நேரமும் போட்ட பட்டியல் வரும். ஒரு தேதியைத் தொட்டால், அந்த நேரத்தில் மனு எப்படி இருந்ததோ அப்படியே திரையில் வந்து நிற்கும். கை வைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியலின் நடுவில் இருப்பதைத் திறங்கள். அங்கே எண் சரியாக இருந்தால் தப்பு அதற்குப் பிறகு நடந்தது, தப்பாக இருந்தால் அதற்கு முன்னால். மிச்சமுள்ள பாதியில் மறுபடி நடுவைத் திறங்கள். நாற்பது பதிப்புகள் இருந்தாலும் ஆறு தடவைக்குள் அந்த நிமிஷத்தில் போய் நிற்பீர்கள்.

பெயர் கிடைக்காமலும் போகலாம். 'லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்று அமைத்து லிங்கைக் குரூப்பில் விட்டிருந்தால், கூகுள் கணக்குக்குள் நுழையாமல் திறந்தவர்களின் பெயர் பதிவாகாது. திறந்திருக்கும் நேரத்தில் திரையின் மூலையில் ஏதோ ஒரு மிருகத்தின் பெயரோடு தெரிவார்கள். பிறகு ஹிஸ்டரியில் பெயரில்லாதவர்கள் அத்தனை பேரும் ஒரே கும்பலாகிவிடுவார்கள். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது நேரம் மட்டும்தான்.

அந்த நேரம் டிடிபி கடைக்குப் போய்வந்த நாளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். என் முதல் சந்தேகம் அங்கேதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பல கடைகளில் இன்றும் பாமினியும் வானவில்லும்தான் ஓடுகின்றன. அந்த எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அதை அப்படியே கூகுள் டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதனால் யாராவது ஒரு கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, பழைய மனு முழுவதையும் அழித்துவிட்டுப் புதியதை ஒட்டியிருப்பார்கள். கணினியின் கணக்கில் அது ஒரே திருத்தம்: மொத்தமும் போனது, மொத்தமும் வந்தது. பக்கம் முழுக்க ஒரே நிறம். அதற்குள் நாலும் அஞ்சும் புரண்டதை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. கடைக்காரர் கையில் தாளைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருந்தால், எண்ணைப் பார்த்து அடிக்கும்போது புரண்டிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் உதவுவது ஒப்பிடும் வசதி. கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் 'கம்பேர் டாக்குமெண்ட்ஸ்', வேர்டில் ரிவியூ பகுதியில் 'கம்பேர்'. பழைய பிரதியையும் புதிய பிரதியையும் கொடுத்தால், சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்து மாறியதை மட்டும் காட்டும். தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 'கொ' என்ற எழுத்தைச் சில மென்பொருள்கள் க என்ற எழுத்தும் ஒற்றை ஒகரக் குறியுமாகச் சேமிக்கும், சில கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒப்பீட்டில் திருத்தம் என்று காட்டக்கூடும். கொடிவேரி, கோபி, கோரிக்கை எல்லாம் காரணமில்லாமல் நிறம் மாறித் தெரிந்தால் மிரள வேண்டாம். எண்களில் இந்த வம்பு கிடையாது, அவற்றை மட்டும் முதலில் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் தமிழய்யா மேல். அவர் தப்பாக ஏதும் செய்தார் என்பதல்ல, நிறையச் செய்தார் என்பதே பிரச்சினை. 'மனு கொடுத்து கேட்டோம்' என்பதில் ஒரு 'க்', 'தூர்வார சொல்லி' என்பதில் ஒரு 'ச்', பக்கத்துக்கு முப்பது ஒற்று. எல்லாம் சரியான திருத்தங்கள்தான். முப்பது சரியான ஒற்றுகளுக்கு நடுவில் ஓர் எண் மாறியிருந்தால் யார் பார்ப்பார்கள்? முதல் பத்தைப் பார்க்கிறோம், பதினோராவதில் கொட்டாவி வருகிறது, 'எல்லாம் ஐயா போட்டதுதானே' என்று மொத்தமாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பத்திரிகை மெய்ப்புப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், சந்திப் பிழையையும் தகவல் பிழையையும் ஒரே பார்வையில் பார்க்கவே கூடாது. முதல் சுற்றில் தகவல் மட்டும்: ஏக்கர், தேதி, ஊர்ப் பெயர், மதகு எண். அதை ஐந்து பேரும் ஒப்புக்கொண்ட பிறகு தமிழய்யாவிடம் போகட்டும். ஐயா முடித்த பிறகு எண்களை மட்டும் மறுபடி ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூல ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும். இதற்குக் கணினி வேண்டியதில்லை, திண்ணை போதும்.

இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். அதற்கான வழி நிலம் வாங்கி விற்றவருக்குப் புதுசல்ல. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் அல்லவா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அது. வரிக்கு நடுவில் செருகியது, காலியாக விட்டது, சுரண்டியது, மாற்றியது எதுவாக இருந்தாலும், எழுதிக் கொடுப்பவர்கள் கையொப்பமோ சுருக்கொப்பமோ போட்டு உறுதிப்படுத்தாவிட்டால் பதிவு அலுவலர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். ஏற்றுக்கொண்டாலும் இன்ன திருத்தம் இருந்தது என்று பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். பழசு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மாற்றியவர் தெரிய வேண்டும், மற்றவர் ஒப்புக்கொண்டது தெரிய வேண்டும். கணினியில் 'சஜஸ்டிங்' என்றும் 'டிராக் சேஞ்சஸ்' என்றும் இருப்பதெல்லாம் இந்த மூன்றையும்தான் செய்கின்றன. பழைய சொல்லின் மேல் ஒரு கோடு, புதிய சொல் வேறு நிறத்தில், ஓரத்தில் பெயரும் நேரமும். ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான், தள்ளிவிட ஒரு பொத்தான்.

ஆனால் 'சஜஸ்டிங்கில் வைத்துத் திருத்துங்கள்' என்று குரூப்பில் கெஞ்சுவதால் பயனில்லை. நாலு பேர் வைப்பார்கள், ஒருவர் மறப்பார். அதனால் அனுமதியிலேயே கட்டிவிடுங்கள். ஷேர் பகுதியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் 'எடிட்டர்' என்பதை எடுத்துவிட்டு 'கமெண்டர்' கொடுங்கள். கமெண்டர் எதைத் தட்டினாலும் அது யோசனையாகத்தான் பதியும், மூலம் அசையாது. ஒப்புக்கொள்கிற அதிகாரம் அந்த ஒரே எடிட்டரிடம் இருக்கும். அவர் வயதில் மூத்தவராகவோ படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை, பொறுமைசாலியாக இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். தகவல் சுற்று முடிந்ததும் வெர்ஷன் ஹிஸ்டரியில் அந்தப் பதிப்புக்கு ஒரு பெயர் கொடுத்து வையுங்கள். நாளைக்கு வம்பு வந்தால் திரும்பிப் போக அதுதான் எல்லைக்கல்.

வேர்டு கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புகிற வழக்கம் இருந்தால், ரிவியூ பகுதியில் டிராக் சேஞ்சஸைப் போட்டுவிட்டு 'லாக் டிராக்கிங்'கில் கடவுச்சொல் வைத்துவிடலாம். லிப்ரே ஆபீஸிலும் எடிட் மெனுவில் இதே பதிவு வசதி உண்டு. எதுவானாலும் கோப்பு ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று சுற்ற ஆரம்பித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

கொடுக்கப் போகும் முன் தடயங்களைத் துடைக்கவும் மறக்காதீர்கள். திருத்தங்களைத் திரையில் மறைப்பது வேறு, ஒப்புக்கொண்டு தீர்ப்பது வேறு. 2005 அக்டோபரில் லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி கொலை குறித்து ஐ.நா. விசாரணையாளர் டெட்லெவ் மெஹ்லிஸ் கொடுத்த அறிக்கை வேர்டு கோப்பாகவே செய்தியாளர்கள் கைக்குப் போனது. கடைசி நேரத்தில் நீக்கப்பட்ட பெயர்கள், சிரிய அதிபரின் தம்பி பெயர் உட்பட, திருத்தப் பதிவில் அப்படியே கிடந்தன. நீக்கியதே பெரிய செய்தியானது. உங்கள் மனுவில் அவ்வளவு ரகசியம் இருக்காது. ஆனாலும் முதல் வரைவில் யாராவது கோபத்தில் ஓர் அதிகாரியைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கலாம் இல்லையா? எல்லாத் திருத்தங்களையும் தீர்த்து, கமெண்டுகளை நீக்கி, பிடிஎஃப் ஆக்கி, அதை அச்செடுத்து, எண்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்குள் மனு தயாராகிவிடும். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: குரூப்பில் கிடக்கிற அந்தத் திறந்த லிங்கை மூடச் சொல்லுங்கள்.