பசளைத் தடையும் டொலர் கணக்கும்

"சேதனப் பசளைக்கு மாறப்போய்த்தான் இலங்கை திவாலானது." இயற்கை விவசாயம் பற்றி யாராவது பேச்செடுத்தால் எதிரே இருப்பவர் முதலில் எடுத்துப் போடும் வாதம் இது. தமிழ்நாட்டிலும் இதைச் சொல்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நேராக இருக்கிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் நிற்க மறுக்கிறது.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். உல்லாசப் பயணிகளின் வரவு சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய அரசு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. 2020இல் கொரோனா. கடன் தரப்படுத்தல் இறங்கி, சர்வதேசச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணி இருப்பு, 2021 இறுதியில் 310 கோடியளவுக்கு வந்துவிட்டது. இரசாயனப் பசளைத் தடை வந்தது 2021 மே 6ஆம் திகதி. அப்போது கஜானா ஏற்கெனவே பாதி வற்றியிருந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு கைவிரித்ததற்குப் பசளை காரணமல்ல.

அதற்காகத் தடை ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இயற்கை விவசாய ஆர்வலர்கள் சிலர் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போவது எனக்கு உவப்பில்லை. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. தேயிலை உற்பத்தி 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ. அடுத்த ஆண்டு 25 கோடிச் சொச்சம். எரிபொருளும் மின்சாரமும் இல்லாமற்போனதற்கும் அதில் பங்குண்டு, ஆனாலும் மலையகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் பசளையைத்தான் சொல்வார்கள்.

மலையகத்தில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்கு ஈடாகப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கம்பனிகள் பல தோட்டங்களில் கூட்டின. இரண்டு மாதத்தில் பசளைத் தடை. களைநாசினிக்கும் அதே வர்த்தமானியில் தடை. யூரியா காணாத செடியில் கொழுந்து குறையும், அடியில் புல் மண்டும். தராசில் நிறை குறைந்தால் போடுவது அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். கொழும்பில் எடுத்த முடிவின் விலையைக் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் கட்டினார்கள்.

இனி இரண்டாவது நம்பிக்கை: பசளைத் தடை ஒரு பசுமைக் கொள்கை, அவசரப்பட்டதால் கெட்டது. அரைவாசி உண்மை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் காட்டித்தான் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பேசினார். அவருடைய 2019 தேர்தல் விஞ்ஞாபனமான 'சுபீட்சத்தின் நோக்கு' சேதனப் பசளைக்கு மாறப் பத்து ஆண்டு கேட்டிருந்தது. பத்து ஆண்டு ஒரே நாளாகச் சுருங்கியது ஏன்? வர்த்தமானியை எடுத்துப் பார்த்தால் பதில் முகப்பிலேயே இருக்கிறது. அது சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்ததல்ல, விவசாயச் சட்டத்தின் கீழும் அல்ல. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சு போட்ட ஒழுங்குவிதி. கார் இறக்குமதியை நிறுத்திய அதே சட்டம், மஞ்சளை நிறுத்திய அதே சட்டம். 2020இல் பசளை இறக்குமதிக்குப் போனது சுமார் 26 கோடி டொலர். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள்.

மிச்சம் பிடித்தார்களா? பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றவர்கள் விளைச்சல் விழும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவரை விவசாய அமைச்சின் கீழிருந்த பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் புறப்பட்டது. மாதிரியில் நோய்க்கிருமி இருக்கிறது என்று தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் மறுக்க, சரக்கு இறங்கவே இல்லை. இறங்காத பசளைக்கு 2022 ஜனவரியில் இலங்கை கொடுத்த பணம் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர். அதே மாதம் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு அறிவித்தார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் 20 கோடி டொலர். அரிசி இறக்குமதி தனிக் கணக்கு. 2021 நவம்பரில் தடையை நீக்கியபோது உலகச் சந்தையில் யூரியா விலை ஏறிப்போயிருந்தது. முன்பு 1,500 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ மூட்டை, ரூபாவும் விழுந்த பிறகு பல்லாயிரத்துக்குப் போனது.

அந்த அரசுக்கு இயற்கைமேல் அளவுகடந்த பற்று என்று நம்புகிறவர்கள் வேறு இரண்டு முடிவுகளையும் பார்க்கலாம். 2019 டிசம்பரில், பதவியேற்ற கையோடு, மணலும் மண்ணும் ஏற்றிச் செல்லத் தேவைப்பட்ட அனுமதிப்பத்திர முறையை எடுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் அதை இடைநிறுத்தியது. 2020 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை. வன ஒதுக்கீடாகப் பிரகடனம் செய்யப்படாத எஞ்சிய அரச காடுகளைப் பயிர்ச்செய்கைக்கு விடுவிக்கும் அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர் கைக்குப் போனது. உள்ளூரில் சோளம் போட்டால் இறக்குமதி மிச்சம் என்பது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. காட்டைத் திறந்துவிட்டதும் பசளையை மூடியதும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் வருகின்றன.

நெருக்கடி வந்தால் பசுமைத் திட்டங்களாவது வேகம் பிடிக்கும் என்போருக்கு மன்னாரைக் காட்டலாம். மணிக்கணக்கில் மின்வெட்டில் கிடந்த 2022இல், ஜூன் மாதம், போட்டி விலைமனுக் கோரவேண்டிய கட்டாயத்தை எடுத்துவிட்டு மின்சாரச் சட்டத்தைத் திருத்தினார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி குழுமம் வந்தது. வலசைப் பறவைகளின் வழித்தடத்தில் மன்னார்த் தீவு இருப்பதையும் மின்சாரத்தின் விலையையும் கேள்வி கேட்டு 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் போயின. ஆட்சி மாறியதும் விலை மறுபரிசீலனைக்கு வந்தது; 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு காற்றாலைத் திட்டத்தை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். கேட்காமல் கொண்டுவந்தால் காற்றாலைக்கும் எதிர்ப்பு வரும்.

கடைசியாக, படித்தவர்களிடமே அதிகம் கேட்கும் நம்பிக்கை: சண்டையும் பஞ்சமும் இருக்கும்போது சூழல் சட்டம் எடுபடாது, அதெல்லாம் வசதி வந்த நாட்டுக்கு. இலங்கையில் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற சட்டத் திருத்தம் வந்த ஆண்டு 1988. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, வடகிழக்கில் இந்திய அமைதிப்படை, தெருவில் பிணங்கள். அந்த ஆண்டிலும் அது நிறைவேறியது.

எடுபட்டதா என்பதற்கு எப்பாவல சாட்சி. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் இருக்கும் பொஸ்பேற் படிவை வெட்டி எடுக்க ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் பேசியது. அதுவும் பசளைச் சரக்குத்தான். தங்கள் வயலும் குளமும் வீடும் போய்விடும் என்று ஊர்க்காரரும் விகாரையொன்றின் தலைமைப் பிக்குவும் வழக்குப் போட்டார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. போர்ச் செலவுக்கு அரசு எங்கும் காசு தேடிய நேரம். அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முறையான ஆய்வு நடந்து, சுற்றாடல் மதிப்பீட்டுக்கும் அனுமதி கிடைக்கும் வரை ஒப்பந்தம் கூடாது. நிறுவனம் திரும்பி வரவில்லை. அரச நிறுவனமொன்று அந்தப் பொஸ்பேற்றைச் சிறிய அளவில் எடுத்துவருகிறது.

அந்த 1988 சட்டத்தின்படி மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி அன்றே நடைமுறைக்கு வந்தது.