பிள்ளையை எப்போது முன்பக்கம் திருப்புவது?



மடுத் திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கையில், மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் மாலைச் செபம் முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மம்மா எம்மை மறித்தார். கனடாவில் வாழும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். பதினான்கு மாதப் பேரனுக்கென ஒரு சிறுவர் ஆசனத்தையும் அங்கிருந்தே கொண்டு வந்திருந்தார். மடுவுக்கு வான் பிடித்தாயிற்று. ஆனால் வீட்டில் ஒரு பிணக்கு. மகள் அந்த ஆசனத்தை, பிள்ளை வானின் பின்புறத்தைப் பார்க்கும்படியே பொருத்துவேன் என்கிறார்.

“பிள்ளைக்கு ஒரு வயது முடிஞ்சுது தானே, பாதர். சீற்றின்ர முதுகைப் பார்த்துப் பார்த்து அழுகிறான். முன்னுக்குத் திருப்பிவிட்டால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவான். இவள் கேட்கிறாளில்லை. நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ.”

அன்று நாமும் அம்மம்மாவின் பக்கமே சாய்ந்தோம். பின்னர் மகள் விளக்கியதைக் கேட்டு, நாமும் தேடிப் படித்தபோதுதான் எமது பிழை எமக்குத் தெரிந்தது. அதனையே இந்தப் பாடமாகத் தருகின்றோம்.

‘எம்மிடம் கார் இல்லை, இது வெளிநாட்டார் விடயம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1990இலும் 1995இலும் 2009இலும் எமது மக்கள் பிள்ளைகளைத் தோளிலும் சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் சுமந்துகொண்டு இடம்பெயர்ந்தார்கள். அன்று பயந்தது செல்லுக்கு. இன்று வீதிகள் காப்பெற் வீதிகளாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வாடகை வானில் போகின்றோம். வேகம் கூடிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் எமது பழக்கமோ மாறவில்லை.

செல்லடிக்குள்ளால் சிறுமியாகத் தப்பி வந்த ஒரு தாயின் குழந்தைக்கு நாம் அடக்கச் சடங்கு நிறைவேற்றியிருக்கின்றோம். வானின் முன் ஆசனத்தில், தாயின் மடியில் இருந்த குழந்தை. மாடு ஒன்று குறுக்கே வர, வான் விலகி மதகில் மோதியது. தாய்க்குக் கையில் மட்டுமே காயம். “நான் இறுக்கித்தான் பிடிச்சனான், பாதர்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் எந்தத் தாயாலும் அப்படிப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதே அதைவிடப் பெரிய உண்மை.

1. கை ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஒரு தென்னையின் உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுமையான மோதலில் உடலின் பாரம் ஒரு கணத்திற்கு இருபது மடங்காகிவிடும். 10 கிலோ நிறையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 200 கிலோவாக இழுக்கும். அது நான்கு யூரியாப் பைகளின் பாரம். அதனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எந்தக் கையும் தாங்காது. ஆகவே அந்தத் தாய் தன்னைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே ஆசனப்பட்டியைப் போடுவதும் தவறு. மோதும்போது தாயின் பாரம் முழுவதும் பிள்ளையைப் பட்டியோடு நசுக்கும்.

2. கழுத்தைப் பற்றிய பாடம்

பெரியவர் ஒருவரின் தலை அவரது உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ நான்கில் ஒரு பங்கு. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்து இன்னும் முற்றவில்லை. பிறக்கும்போது கழுத்தின் பெரும்பாலான முள்ளந்தண்டு எலும்புகள் ஒவ்வொன்றும் மூன்று துண்டுகளாக, இடையில் குருத்தெலும்பினால் இணைக்கப்பட்டே இருக்கின்றன. அவை முற்றாக ஒன்றுசேர மூன்று முதல் ஆறு வயது வரை செல்லும். இணைக்கும் நார்களும் தளர்வானவை. ஆகையால் கைக்குழந்தையின் முள்ளந்தண்டு இழுபட்டால் இரண்டு அங்குலம் வரை நீளக்கூடும். அதன் உள்ளே செல்லும் நரம்புத் தண்டோ கால் அங்குலம்தான் தாங்கும். அதற்குமேல் இழுபட்டால், உயிர் பிழைத்தாலும் கைகால் வழங்காமற் போகலாம்.

கொடியிலே தொங்கும் பூசணிக்காயை எண்ணிப் பாருங்கள். கொடியை எவ்வளவு இறுகக் கட்டினாலும், காயைப் பலமாக உலுப்பினால் முறிவது காம்புதான். முன்நோக்கி இருக்கும் சிறு பிள்ளையின் நிலையும் இதுவே. பட்டி தோளைப் பிடிக்கும், தலை முன்னே பாயும், நடுவில் கழுத்து இழுபடும். பின்நோக்கி இருந்தாலோ, மோதும்போது தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாக ஆசனத்தின் முதுகுப் பகுதியில் அழுந்தும். அடி ஓரிடத்தில் விழாமல் முதுகெங்கும் பரவும்.

இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் புறப்படும்போது தாக்கத்தை முதுகால் தாங்கும்படி சாய்ந்திருப்பதைக் கண்டு, 1960களில் அவர் பின்நோக்கிய சிறுவர் ஆசனத்தை வடிவமைத்தார். அந்நாட்டில் இன்றும் நான்கு வயதளவும் பிள்ளைகளைப் பின்நோக்கி இருத்துமாறே ஆலோசனை கூறுகின்றார்கள்.

3. நாட்காட்டியை அல்ல, அளவைப் பாருங்கள்

‘ஒரு வயது’ என்ற கணக்கை அம்மம்மா வெறுமனே சொல்லவில்லை. முன்னர் அமெரிக்காவிலும் ஒரு வயதும் 9 கிலோவும் ஆனால் திருப்பலாம் என்றே கூறினர். 2011இல் அங்குள்ள குழந்தை வைத்தியர்களின் கழகம் அதனை இரண்டு வயது என மாற்றியது. 2018இல் வயதையே விட்டுவிட்டு, அந்த ஆசனத்துக்குக் குறிக்கப்பட்ட உயரத்தையோ நிறையையோ பிள்ளை எட்டும் வரை பின்நோக்கியே இருத்துங்கள் என்றது. ஐரோப்பாவில் 2013இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, 15 மாதத்திற்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. இது மிகக் குறைந்த எல்லையேயன்றி, திருப்புவதற்கு ஏற்ற நாள் அன்று.

விவசாயிகளாகிய எமக்கு இது புதிதல்ல. மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து பிடுங்கும் நாளை நாட்கணக்கு மட்டுமா தீர்மானிக்கிறது? தண்டின் தடிப்பையும் இலையையும் பார்த்தல்லவா பிடுங்குகின்றோம்?

திருப்புவதற்குரிய அடையாளங்கள் இரண்டு:

அ) ஆசனத்தில் ஒட்டியுள்ள அறிவித்தலில் பின்நோக்கி இருப்பதற்கெனக் குறித்த நிறையை அல்லது உயரத்தைப் பிள்ளை எட்டுதல். இரண்டில் எது முந்தி வந்தாலும் சரி. பல ஆசனங்களில் இந்த நிறை 18 கிலோ வரை உண்டு.

ஆ) பிள்ளையின் உச்சந்தலைக்கும் ஆசன முதுகின் மேல்விளிம்புக்கும் இடையில் ஒரு அங்குலம்கூட இல்லாதிருத்தல்.

அடையாளம் அல்லாதவை: ‘கால் மடிந்திருக்கிறது’, ‘அழுகிறான்’, ‘அடுத்த வீட்டுப் பிள்ளை முன்னே பார்த்து வருகிறது’ என்பன. பிள்ளைகள் காலை மடித்துக்கொண்டு வசதியாகவே இருப்பார்கள். கால் முறிந்தாலும் பொருந்தும், கழுத்து அப்படியன்று.

4. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஆசனத்தை வாகனத்தின் பின் இருக்கையிலேயே பொருத்த வேண்டும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் பின்நோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. பை விரியும் வேகம் பிள்ளையின் தலைக்குப் பின்னால் உள்ள பகுதியை அடித்துத் தள்ளும்.

தோள்பட்டி, பின்நோக்கி இருக்கும்போது தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்து வரவேண்டும். முன்நோக்கித் திருப்பிய பின் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலே இருந்து வரவேண்டும். பூட்டிய பட்டியை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் அது தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

உறவினர் விட்டுச்செல்லும் பழைய ஆசனமாயின், அது முன்னர் விபத்தில் சிக்கியதா என்று விசாரியுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். வெடிப்போ, பட்டிக் குறைவோ இருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

5. ஆசனம் இல்லாத வீட்டில்

எம்மில் பெரும்பாலானோர் இந்த நிலையினரே. முற்றான பாதுகாப்பு இல்லை. ஆயினும் ஆபத்தைக் குறைக்கலாம்.

வான் பிடிக்கும்போது வாடகையை மட்டும் கேளாமல், பின் இருக்கையில் ஆசனப்பட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல பழைய வான்களில் அது இருப்பதில்லை. பட்டி இல்லையேல் நல்ல ஆசனத்தையும் பொருத்த முடியாது. கைக்குழந்தையோடு முன் இருக்கையில் ஏற வேண்டாம். வேகத்தைக் குறைக்கச் சாரதியிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். 50இல் போகும் வாகனம் 70இல் போனால் மோதலின் வலு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மெதுவாகப் போகும்படி கேட்பதற்குப் பணம் தேவையில்லை.

சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதே கழுத்துத்தான் அளவுகோல். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கழுத்து தலைக்கவசத்தின் பாரத்தைத் தாங்காது. ஆகவே அவ்வயதில் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல் பிள்ளையை முன்னுக்குப் பார்த்து இருத்துவது எமது ஊர்களில் சாதாரண காட்சி. மோதினால் முதல் அடி அந்தப் பிள்ளைக்கே. பின்னாலிருந்து வரும் தகப்பனின் பாரமும் அதன் மேலேயே விழும். கால் மிதிபடியை எட்டாத பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளைவிட பஸ்ஸே நல்லது.

6. யாக்கோபின் பயணம்

தொடக்க நூலின் 33ஆம் அதிகாரத்தில், நெடுங்காலம் பிரிந்திருந்த அண்ணன் ஏசா தம்பி யாக்கோபைத் தன்னோடு கூடவே வரும்படி அழைக்கிறார். யாக்கோபு மறுத்துவிடுகிறார். பிள்ளைகள் இளம் பிள்ளைகள், பால்கொடுக்கும் ஆடுமாடுகளும் உண்டு, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடிந்துபோகும், ஆகவே பிள்ளைகளின் நடைக்கேற்ப மெதுவாகவே வருவேன் என்பது அவர் சொன்ன நியாயம். அவரும் இடம்பெயர்ந்து திரும்பிய மனிதரே. எமது அவசரத்தை அல்ல, பிள்ளையின் பலத்தையே பயணத்தின் அளவாக வைத்தார்.

அம்மம்மாவிடம் மறுநாள் சென்று, “மகள் சொல்வதுதான் சரி, நாம்தான் பிழையாக விளங்கிக்கொண்டோம்” என்றோம். பட்டியுள்ள வேறொரு வானைப் பிடித்தார்கள். பேரன் பின்நோக்கியே இருந்தான். பக்கத்தில் அம்மம்மா இருந்து பாடிக்கொண்டு போனாராம். மாங்குளம் தாண்டமுன் நித்திரையாகிவிட்டானாம்.

குழுவாகச் சிந்திக்க:

1. கடந்த மாதம் எமது பிள்ளைகள் எந்தெந்த வாகனங்களில், எந்த இடத்தில் இருந்து பயணித்தார்கள்?

2. திருவிழாவுக்கு வான் பிடிக்கும்போது, எமது ஊர்ச் சங்கம் சாரதியிடம் எவற்றைக் கேட்க வேண்டும்?

3. சரியாகப் பராமரித்த ஒரு சிறுவர் ஆசனத்தைப் பல குடும்பங்கள் மாறிமாறிப் பயன்படுத்த என்ன ஒழுங்கு செய்யலாம்?