மக்காச்சோளத்துக்கு விலை கூடியது, பைக்கில் மைலேஜ் குறைந்தது

கேள்வி: 2014இல் வாங்கிய 100 சிசி பைக் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 50 தாண்டவில்லை. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். அதை முறிக்க ஒரு புட்டி மருந்தும் ஊற்றச் சொல்கிறார். அதே எத்தனாலால்தான் என் மக்காச்சோளத்துக்கு விலை கிடைக்கிறது என்கிறார் வியாபாரி. இந்த விலை நிலைக்குமா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: முதலில் வண்டி. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் சக்தி 6, 7 சதவீதம் குறையும். உங்கள் 60 கிலோமீட்டர் 56 ஆகலாம். அதற்குக் கீழே போனதற்கு ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று, தேய்ந்த கிளட்ச் என்று வேறு காரணம் தேட வேண்டும். புட்டி மருந்து வேண்டாம். எரிபொருளில் இல்லாத சக்தியை அது கொண்டுவராது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரப்பரையும் தண்ணீரையும். இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர் பாகங்களோடு வண்டிகள் பரவலாக வந்தது 2023 ஏப்ரல் வாக்கில்தான். உங்கள் வண்டியின் பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டேங்க் உள்ளே துருவும் பிடிக்கும்.

சக்தி குறைந்த எரிபொருளை அதே விலைக்கு விற்பது எனக்கு ஏற்புடையதல்ல. பிரேசில் 1975இலேயே கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய நாடு. எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் அங்கே 2003இல் வந்தன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுபவரே பெட்ரோல் பங்கில் கணக்குப் போட்டு நிரப்புகிறார். இங்கே அந்தத் தேர்வு இல்லை. விலை ஏன் குறையவில்லை என்றால், எத்தனாலே மலிவாக இல்லை என்பதுதான் பதில். 2025இல் எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிய சராசரி விலை, வரியும் வண்டிக்கூலியும் சேர்த்து லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டியது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, விவசாயிக்குப் பணம் போகிறது, இரண்டும் நல்லவைதான். ஆனால் அதன் சுமையில் ஒரு பங்கை பைக் ஓட்டுபவர் சுமக்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் காடு. 2023 டிசம்பரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வருமோ என்று கரும்புச்சாற்று எத்தனாலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தைப் பிடித்தது மக்காச்சோளம். ஒரு டன்னில் சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். 2024–25இல் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலைகளில் மக்காச்சோள எத்தனாலுக்கே உச்சம்: லிட்டருக்கு 71.86 ரூபாய். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யத் தொடங்கியது. நாமக்கல் கோழிப்பண்ணைகள் தீவன விலையால் திணறின.

இந்த வேகம் அப்படியே தொடரும் என்று நான் நினைக்கவில்லை. 20 சதவீத இலக்கை 2025இல் எட்டியாகிவிட்டது. அதற்குமேல் கலப்பு உயர்ந்தால்தான் புதிய தேவை பிறக்கும். இந்திய உணவுக் கழகம் 52 லட்சம் டன் அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனாலுக்கு ஒதுக்கியது. மக்காச்சோளம் விலை ஏறினால் ஆலைகள் அரிசிக்குத் தாவும். உங்கள் விலைக்கு மேலே அது ஒரு கூரை போல நிற்கிறது. நகரங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகப் பெருக பெட்ரோல் தேவையும், அதில் கலக்கும் எத்தனாலும் மெல்லக் குறையும்.

ஆகவே எத்தனால் ஆலையை மட்டும் நம்பிக் கடன் வாங்கிக் குத்தகை நிலம் எடுக்காதீர்கள். நாமக்கல் தீவனக்காரர்களின் தொடர்பையும் விடாதீர்கள். கோழிக்குத் தினமும் தீனி வேண்டும். யாருக்கு விற்றாலும் ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்துக் கொடுங்கள். எடையில் பிடித்தம் போவது பெரும்பாலும் அங்கேதான்.