ஹோம் அசிஸ்டென்ட் அப்டேட்: பட்டனை அமுக்கும் முன்

வீட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், கதவு சென்சார் என எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் இணைத்து வைத்திருக்கிறீர்களா? இதற்கு மாதாமாதம் புதிய பதிப்பு வரும், 2025.1 என்றால் 2025 ஜனவரிப் பதிப்பு. பார்த்ததும் அமுக்கிடாதீங்க. வெளியீட்டுக் குறிப்பில், பழைய அமைப்புக்கு ஒத்துவராத மாற்றங்கள் என்ற பகுதியில் உங்கள் சாதனம் இருக்கிறதா எனப் பாருங்கள்.

அடுத்து பேக்கப். அது ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டிலேயே கிடந்தால், கார்டு போகும்போது அதுவும் போச்சு. கம்ப்யூட்டரில் ஒரு நகல் வேண்டும். 2025.1 முதல் தானியங்கி பேக்கப் வழக்கமாகப் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பூட்டைத் திறக்கும் குறியீடு இல்லாவிட்டால், பேக்கப் கையில் இருந்தும் பயனில்லை. அதை வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

மென்பொருளையும் ஜிக்பீ2எம்க்யூடிடி போன்ற ஆட்-ஆன்களையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். எதனால் கெட்டதுன்னே தெரியாது. ஒன்றை மாற்றி, லைட் எரியுதா, மோட்டார் நிக்குதான்னு பார்த்த பிறகு அடுத்தது. பல்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் பல்பே வேலை செய்யாமல் போகலாம். பல சாதனங்களில் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் முடியாது.