வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்

எங்கள் பாகூரில் கிடைத்த செப்பேடுகளைப் பற்றி வரலாற்றுத் துறை நண்பர்கள் அறிந்திருப்பார்கள். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியைக் கூறுவன அவை. அரச குலத்தின் புகழை வடமொழியில் பாடிவிட்டு, ஊர்களின் நான்கெல்லைகளைத் தமிழில் வரையறுத்துச் சொல்கின்றன. ஏட்டில் நிலம் இல்லை, நெல்லும் இல்லை. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு மட்டுமே உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு தொலைந்தால் நிலம் யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை.

கணிப்பொறியின் வன்தட்டிலும் இப்படி ஓர் ஏடு உண்டு. அதற்குப் பகிர்வு அட்டவணை என்று பெயர் சொல்லலாம். பார்ட்டிஷன் டேபிள் என்றால் ஆய்வகத்தில் எல்லாருக்கும் புரியும். பார்ட்டிஷன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வழங்கும் தமிழ் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வதைப் போல, ஒரே தட்டை விண்டோஸும் லினக்ஸும் பிரித்துக்கொள்கின்றன.

வன்தட்டு 512 பைட்டுகள் கொண்ட சிறு கூறுகளாக எண்ணப்படுகிறது. இக்கூறுக்கு செக்டர் என்று பெயர். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும். அந்தச் சுழியாவது செக்டர்தான் நாம் பேசும் ஏடு. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0 இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த 512 பைட்டுகளின் பங்கீடு மாறவில்லை: முதல் 446 பைட்டுகள் ஒரு சிறு நிரலுக்கு, அடுத்த 64 பைட்டுகள் அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட்டுகள் முத்திரைக்கு. முத்திரையில் 85, 170 என்ற இரண்டு எண்கள் இருக்க வேண்டும். இவற்றை இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 01010101, 10101010. ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் அழகான கோலம். முத்திரை இல்லையேல் பயாஸ் அந்தத் தட்டை ஏறிட்டும் பார்க்காது.

அட்டவணையின் 64 பைட்டுகளில் நான்கு பதிவுகள். ஒவ்வொன்றும் 16 பைட்டு. ஒரு பதிவை மட்டும் விரித்துக் காண்போம். முதல் பைட்டு 128 ஆக இருந்தால் ‘இதிலிருந்து தொடங்கு’ என்று பொருள், சுழியானால் அவ்வாறில்லை. ஐந்தாம் பைட்டு இது என்ன வகைப் பகுதி என்று சொல்லும்: விண்டோஸின் என்.டி.எப்.எஸ். ஆனால் 7, லினக்ஸ் ஆனால் 131. இரண்டு முதல் நான்கு வரையும், ஆறு முதல் எட்டு வரையும் உள்ள பைட்டுகள் பழைய காலத்து முகவரிகள். உருளை, தலை, செக்டர் என்று தட்டின் உடலமைப்பைக் கொண்டு எழுதப்பட்டவை. ஏறத்தாழ 8.4 ஜிகாபைட்டுக்கு மேல் அவற்றால் எட்ட முடியாது. ஆகவே இன்று இவற்றைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. கடைசி எட்டு பைட்டுகளே முக்கியம். முதல் நான்கு, பகுதி தொடங்கும் செக்டரின் எண். அடுத்த நான்கு, அதன் நீளம்.

அந்த எண்கள் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியவை. தொடக்கம் 0, 8, 0, 0 என்றிருந்தால் எட்டை 256 ஆல் பெருக்க வேண்டும், விடை 2048. நீளம் 0, 0, 64, 6 என்றிருந்தால் 64 ஐ 65,536 ஆலும், 6 ஐ 1,67,77,216 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருவது 10,48,57,600 செக்டர்கள், அதாவது சரியாக 50 ஜிகாபைட். முதன்முதலாகத் தாளில் இக்கணக்கைப் போட்டு, திரையில் காட்டும் அளவோடு அது பொருந்தக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவில் ஒரு தொடக்கமும் ஒரு நீளமும்தான் உண்டு. ஆகவே ஒரு பகுதி இடைமுறியாமல் ஒரே துண்டாகத்தான் இருக்க முடியும். நம் புதுச்சேரி வட்டாரம் அப்படியா இருக்கிறது? வில்லியனூர், பாகூர் என்று கொம்யூன்களின் எல்லைகளைப் படத்தில் பார்த்தால் நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் புகுந்து நிற்கும். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற இப்படிப்பட்ட நாட்டை வன்தட்டு அட்டவணையில் ஒரே வரியில் எழுதவே இயலாது!

நான்கு பதிவுகள் போதாதவர்களுக்கு வேறு வழி செய்தார்கள். நான்கில் ஒன்றை ‘விரிவுப் பகுதி’ என்று அறிவித்து, அதற்குள் மேலும் பகுதிகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இன்னொரு சிறு அட்டவணை இருந்து அடுத்தது எங்கே என்று சொல்லும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது மதிப்பில்லை.

இனி, பொத்தானை அழுத்தியதும் நடப்பதைப் பார்ப்போம். பயாஸ் சுழியாவது செக்டரை நினைவகத்தில் 31,744 ஆவது இடத்தில் ஏற்றி, அதிலுள்ள நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. விண்டோஸ் எழுதிய நிரலானால் 128 குறியுள்ள பதிவைத் தேடி, அப்பகுதியின் முதல் செக்டரை ஏற்றும். லினக்ஸில் வழங்கும் கிரப் என்னும் தொடக்க நிரல் வேறு வகை. 446 பைட்டு என்பது எவ்வளவு சிறிது தெரியுமா? ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும்; 150 குறிகள்கூட அதில் அடங்கா. ஆகவே அங்கே வைத்த கிரப்பின் துண்டு, இன்னொரு துண்டை அழைத்துவரும் வேலையை மட்டும் செய்கிறது. அந்த இரண்டாம் துண்டு, சுழியாவது செக்டருக்கும் முதல் பகுதிக்கும் இடையே கிடக்கும் வெற்றிடத்தில் வைக்கப்படுகிறது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே விட்ட வரப்பில் துவரை ஊன்றுவது போல என்க. பழைய தட்டுகளில் முதல் பகுதி 63 ஆம் செக்டரில் தொடங்கியதால் அந்த வரப்பு 31 கிலோபைட்டே. இப்போது 2048 இல் தொடங்குவது வழக்கம், இடம் தாராளம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாக வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. எல்லைக்கு அப்பால் கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அத்தையின் மகனுக்கு அப்படி ஒரு கணினி கிடைத்தது. நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதை எனக்குத் தந்துவிட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்; வீட்டுக்கு வந்த முதல் கணினி அது.

சென்ற ஆண்டு அதை வைரஸ் நீக்குவதற்காக ஒரு கடையில் கொடுத்திருந்தோம். திரும்பி வந்தபோது ‘இயங்குதளம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. தட்டு செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் தாயாரின் பத்து நாள் நடவுக் கூலிக்கு மேல். அக்காவின் திருமணப் படங்களும், எங்கள் சான்றிதழ் நகல்களும் அதற்குள் இருந்தன. அம்மா, “கடன் வாங்கியாவது போடு தம்பி, உன் படிப்பு நிக்கக் கூடாது” என்றார்.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். யூ.எஸ்.பி. வழியாக லினக்ஸை ஏற்றி, சுழியாவது செக்டரை எண்களாகத் திரையில் கொட்டினோம். முதல் 446 பைட்டுகளில் விண்டோஸின் நிரல் இருந்தது. முத்திரையும் இருந்தது. நடுவே 64 பைட்டுகளும் சுழி, சுழி, சுழி. தட்டு சாகவில்லை, அதன் பத்திரம் மட்டும் வெள்ளைத் தாளாகிவிட்டது.

எல்லை அழிந்த நிலத்தை மீண்டும் அளக்க முடியுமா? முடியும், ஏனெனில் நிலத்திலேயே அடையாளக் கற்கள் உண்டு. என்.டி.எப்.எஸ். பகுதியின் முதல் செக்டரில் நான்காம் பைட்டிலிருந்து அதன் பெயரே எழுதப்பட்டிருக்கும். மொத்தம் எத்தனை செக்டர் என்பதும் அங்கேயே உண்டு. அதன் நகல் ஒன்று பகுதியின் கடைசி செக்டரில் இருக்கும். லினக்ஸ் பகுதியிலோ தொடக்கத்திலிருந்து 1080 பைட்டு தள்ளி 83, 239 என்ற இரு எண்கள் நிற்கும். அருகில் அதன் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச நிரல் தட்டு முழுவதும் நடந்து இக்கற்களைத் தேடுகிறது. மதிய இடைவேளை முடிவதற்குள் எல்லாப் பகுதிகளும் பட்டியலில் வந்தன. ஆசிரியர் உடனே எழுத விடவில்லை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டி, அது அடுத்ததன் எல்லைக்குள் புகவில்லை என்று தாளில் சரிபார்க்கச் சொன்னார். அதன் பிறகே எழுதினோம். விண்டோஸ் திறந்தது, படங்கள் இருந்தன. பாஸ் மட்டும் தலைகாட்டவில்லை. அதன் பகுதி முழுதாக இருந்தும், அதை அழைக்கும் கிரப் நிரலின் இடத்தில் விண்டோஸின் நிரல் இருந்ததே காரணம். விண்டோஸை மறுபடி நிறுவுவோர் பலர் லினக்ஸ் அழிந்துவிட்டதென எண்ணுவது இதனால்தான். கிரப்பை மீண்டும் எழுதியதும் அதுவும் வந்தது. செலவு ஒன்றுமில்லை.

புதிதாகப் பகுதி பிரிக்க விரும்பும் நண்பர்கள் எப்டிஸ்க் கட்டளையில் பழகலாம். அதில் ‘டபிள்யூ’ எழுத்தைத் தட்டும் வரை செய்த மாற்றங்கள் அனைத்தும் நினைவகத்தில்தான் இருக்கும். தட்டில் ஒரு பைட்டும் மாறாது. பிரிப்பதற்கு முன் சுழியாவது செக்டரை டிடி என்ற கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அக்கோப்பின் அளவு 512 பைட்டே.

இந்த அட்டவணைக்கு ஒரு வரம்பு உண்டு. நான்கு பைட்டில் எழுதக்கூடிய செக்டர் எண்ணிக்கையை 512 ஆல் பெருக்கினால் 2 டெராபைட் வரும். அதற்கு மேல் அதனால் எட்ட முடியாது. ஆகவே இன்றைய கணினிகளில் ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை இடம்பெறுகிறது. அதில் வழக்கமாக 128 பதிவுகள். ஒவ்வொன்றும் 128 பைட்டு. முகவரிக்கு எட்டு பைட்டு. பதிவுகள் கெட்டிருக்கின்றனவா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணையின் மறுபடி தட்டின் கடைசியில் இன்னொன்று இருக்கும். யூ.இ.எப்.ஐ. கணினிகளில் 446 பைட்டு நிரலும் தேவையில்லை. அதற்கென்று ஒதுக்கிய ஒரு சிறு பகுதியிலிருந்து கோப்பாகவே தொடக்க நிரல் ஏற்றப்படுகிறது. ஆனாலும் சுழியாவது செக்டரை விட்டுவிடவில்லை. பழைய நிரல் ஏதேனும் வந்து பார்த்து, தட்டு காலி என்று நினைத்து எழுதிவிடக் கூடாதே என்று, அங்கே 238 என்ற வகை எண்ணுடன் ஒற்றைப் பதிவு போட்டு, தட்டு முழுவதும் ஆள் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.