கள்ளிப் பூவைப் படம் பிடித்து அறிவோம்

முள்ளோடு நிற்கும் எல்லாவற்றையும் கள்ளி என்றே நாம் சொல்லுகிறோம். ஆனால் அதில் இரண்டு இனம் உண்டு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முள்ளின் அடியில் பஞ்சு போன்ற சிறு திட்டு இருக்கும், பூ பெரிது, மஞ்சள். சதுரக்கள்ளிக்கு அந்தத் திட்டு இல்லை. முள் இரண்டிரண்டாக நிற்கும், பூ மிகச் சிறிது. ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: ஒடித்துப் பார்க்க வேண்டாம், போனில் படம் பிடித்தால் போதும். பூ, முள்ளின் அடி, முழுச்செடி என மூன்று படம் வேணும். பக்கத்தில் தீப்பெட்டி வைத்தால் அளவு விளங்கும்.

தப்பித் தவறிப் பால் கண்ணில் பட்டால் கசக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.